வைத்துவிட்டார்கள்

நாரின் நகரம், சாலைப் பராமரிப்பு அலுவலகம்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
மேசைக்கடியில் மல்லாந்து கிடக்கிறேன்.
பல்லிடுக்கில் டார்ச்,
நெஞ்சின்மேல் கழற்றி வைத்த திருகாணி நாலு.

கணவாய் திறந்திருக்கிறதா என்று கேட்கத்தான்
இந்த எண்ணுக்கு ஊரே அடிக்கும்.
லாரிக்காரர்கள், ஆட்டு வியாபாரிகள்,
இடுப்பு வலி கண்டவளைத்
தலைநகருக்கு ஏற்றிப்போகும் டாக்ஸி.
நவம்பரிலிருந்து எல்லோருக்கும் ஒரே புகார்:
எப்போது அடித்தாலும் பிஸி.

கணினிக்குள் ஓர் அட்டை.
அதன்மேல் சிவப்புத் துண்டு மூன்று, பச்சை ஒன்று.
தெருக் கம்பிக்குச் சிவப்பு.
ஷெர்மத்தின் பழைய ஆரஞ்சுப் போனுக்குப் பச்சை.
பச்சை கரண்ட் கொடுக்கும், மணியடிக்கும்.
சிவப்பு வாங்கிக்கொள்ளும்.
ஆனால் கோப்பில் எழுதும்போது
சிவப்புக்கு நேரே பச்சையின் பெயர்,
பச்சைக்கு நேரே சிவப்பின் பெயர்.
எதிர்முனையில் யாரோ
அவர் பாஷைதான் உன் பாஷை.
படித்தவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள்.
நான் விழவில்லை.
மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாத வீட்டில்
பதினோரு வருஷம் மருமகள்.
அவர் பெயரில் ஓநாய் இருப்பதால்
ஓநாயையே நான் 'ஊளையிடுவது' என்பேன்.

நாட்டைத் தேர்ந்தெடு என்றது அடுத்த வரி.
பட்டியலில் எங்கள் நாடு இல்லை.
ரஷ்யா போட்டேன்:
என் குரல் கிணற்றில் விழுந்து திரும்பி வந்தது.
ஐரோப்பா போட்டேன்: பாதிக் கிணறு.
கஜகஸ்தான்.
பக்கத்து வீட்டுக்காரன் சட்டை
தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது.
"வெளியில் சொல்லாதே" என்றார் ஷெர்மத்.

இனித்தான் நோய்.
இரவில் ஆள் இல்லை, ஷெர்மத்தின் பதிவான குரல் மட்டும்:
கணவாய் மூடியிருக்கிறது. கணவாய் மூடியிருக்கிறது.
கேட்டவர் வைத்துவிடுவார்.
அட்டைக்கு எடுப்பது தெரிகிறது,
வைப்பது தெரியவில்லை.
பதிவேட்டில் ஓர் அழைப்பு
ஏழு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம்.
ஒட்டுக் கேட்டேன்.
கணவாய் மூடியிருக்கிறது என்கிறார் ஷெர்மத்.
பீப் பீப் பீப் என்கிறது எக்ஸ்சேஞ்ச்.
விடிய விடிய இருவரும்
ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கவேயில்லை.

சரி, பீப்பை எண்ணச் சொல்லலாம்.
மூன்று எண்ணியதும் அறுத்துவிடு என்று எழுதினேன்.
மத்தியானம் ஒரு லாரிக்காரர் அடித்தார்.
அவர் முதுகுக்குப் பின்னால்
வேறொரு லாரி ரிவர்ஸ் எடுத்தது.
பீப். பீப். பீப்.
அறுத்துவிட்டது.
திரும்ப அடித்தார். அந்த லாரி இன்னும் ரிவர்ஸில்.
மூன்றாம் தடவை அவர் ஷெர்மத்திடம் சொன்னதை
இங்கே எழுத முடியாது.

ஆகவே எண்ணினால் மட்டும் போதாது,
தாளமும் வேண்டும்.
எக்ஸ்சேஞ்சின் பீப்பைப் பதிந்து, திரையில் நீட்டி அளந்தேன்.
ஒலி, ஆயிரத்தில் முந்நூற்று முப்பது பங்கு வினாடி.
மௌனம், முந்நூற்று எழுபது.
புத்தகத்தில் இரண்டும் சமம்;
எங்கள் எக்ஸ்சேஞ்சுக்குக் குளிர்,
கொஞ்சம் மூச்சு வாங்குகிறது.
இரண்டு எண்ணையும் எழுதினேன். மூன்றை ஆறாக்கினேன்.

இரவு எட்டரை.
மூன்று இணைப்பும் காலி.
கிளம்பப் பார்த்தால் ஆரஞ்சுப் போன் அலறுகிறது.
அதே லாரிக்காரர்.
"மூடியிருக்கிறது" என்கிறார் ஷெர்மத்.
அவர் வைக்கவில்லை.
டீசல் உறைந்துவிட்டதாம், கூட ஆள் யாரும் இல்லையாம்.
ஷெர்மத் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.
என்னைப் பார்த்து டீத்தண்ணி என்று சைகை.

திரையில்: இணைப்பு ஒன்று, பிஸி.
இது நிஜ பிஸி.

பெட்டியை மூடுகிறேன்.
திருகாணி மூன்றுதான் இருக்கிறது.